கிறிஸ்துமஸ் வாரத்தில் நாகை நிருபருக்கு என்ன வேலை?

வாசகர் ஒருவரின் கேள்வி, டிசம்பர் 19, 2024

"டிசம்பர் கடைசி வாரத்தில் மாவட்டத் தொலைக்காட்சி நிருபர்களுக்குப் பெரிதாக வேலை இருக்காது என்றே நினைக்கிறேன். வேளாங்கண்ணியில் நள்ளிரவுத் திருப்பலி, எங்காவது ஒரு குடில், ஒரு பேக்கரியில் கேக், மறுநாள் சுனாமி நினைவஞ்சலி என்று ஆண்டுதோறும் அதே காட்சிகள்தான் வருகின்றன. போன வருடம் எடுத்ததையே இந்த வருடமும் போட்டால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியப்போகிறதா? அந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

டிசம்பர் 19, இரவு

நான் அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறேன். நாகப்பட்டினத்தில் ஓர் உள்ளூர் கேபிள் சேனலில் நிருபர். சென்னையிலிருக்கும் ஒரு செய்தித் தொலைக்காட்சிக்கும் பகுதிநேரமாகச் செய்தி அனுப்புகிறேன். வயது இருபத்தைந்து. வேலை இல்லாத வாரம் என்று நீங்கள் சொல்வது எங்கள் மாவட்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாது.

டிசம்பர் 24 காலையில் பெரியார் நினைவு நாள், எம்.ஜி.ஆர். நினைவு நாள் இரண்டும் சேர்ந்து வருகின்றன. ஒருவர் 1973இலும் மற்றவர் 1987இலும் அதே தேதியில் மறைந்தவர்கள். சிலைகளுக்கு மாலை போடும் கட்சியினர் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தைச் சொல்லித்தான் எங்களை அழைப்பார்கள். அன்று இரவு வேளாங்கண்ணி. 25ஆம் தேதி காலை கீழ்வெண்மணி. 1968ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்ட ஊர் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 26ஆம் தேதி சுனாமி நினைவு நாள், இந்த முறை இருபதாம் ஆண்டு. 28ஆம் தேதி விஜயகாந்த் மறைந்து ஓராண்டு. 31 இரவு மறுபடியும் வேளாங்கண்ணி. இவற்றுக்கு நடுவே மழை பெய்தால் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும், கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஏதாவது தகவல் வரும், அவற்றுக்கும் ஓடவேண்டும். இந்த ஆண்டு நாகூர் தர்காவின் கந்தூரி விழாவும் டிசம்பரின் முதல் பாதியிலேயே வந்து முடிந்தது. கொடியேற்றத்திலும் சந்தனக்கூட்டிலும் நனைந்த ஷூ இன்னும் காயவில்லை.

24 இரவு முதல் 26 மதியம் வரை நான் வீட்டுக்குப் போவது குளிப்பதற்காக மட்டும்தான்.

டிசம்பர் 20

உள்ளூர் சேனல் நிருபருக்கும் மாவட்டச் செய்தியாளருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டவருக்கு:

உள்ளூர் சேனல் என்பது கேபிளில் இந்த மாவட்டத்துக்குள் மட்டும் தெரிவது. காதணி விழா வாழ்த்து, மின்தடை அறிவிப்பு, நகராட்சிக் கூட்டம், கோயில் திருவிழா ஆகியவைதான் அதன் சரக்கு. செய்தித் தொலைக்காட்சிக்கு அனுப்பும்போது நான் மாதச் சம்பளக்காரி இல்லை. ஒளிபரப்பான செய்திக்குத்தான் பணம். விடிய விடிய நின்று எடுத்தது சென்னையில் செய்தியைத் தேர்ந்தெடுக்கும் டெஸ்கில் விழுந்து கிடந்தால், பெட்ரோல் செலவும் என் கையிலிருந்துதான் போகும். 1955ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் செய்தித்தாள் நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்காக எழுதப்பட்டது. தொலைக்காட்சிக்காரர்கள் அதில் வரமாட்டார்கள். 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் மின்னணு ஊடகத்தையும் சேர்த்திருக்கிறார்கள் என்றாலும், இதை எழுதும் 2024 டிசம்பர் வரை அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே கிறிஸ்துமஸுக்கு விடுமுறை உண்டா, போனஸ் உண்டா என்ற கேள்விகளுக்கு எங்கள் தொழிலில் இடமில்லை.

இந்த வாரத்தில் செய்தியைவிட அதிகமாக எங்களைப் பிடித்து உலுக்குவது விளம்பரம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றையும் சேர்த்து ஒரே ரேட் கார்டு போட்டு நிருபர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை, ஸ்கேன் சென்டர், கவுன்சிலர், ஒன்றியச் செயலாளர் என்று ஒருவர் விடாமல் பார்த்து வாழ்த்து விளம்பரம் வாங்கவேண்டும். போன மாதம் எந்தக் கவுன்சிலரின் வார்டில் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று செய்தி போட்டேனோ, அவருடைய வரவேற்பறையில் ரேட் கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. தேநீர் கொடுத்துவிட்டு அவர் அந்தச் செய்தியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடிக்காதது இதுதான். செய்தி எடுப்பவரிடம் விளம்பரம் கேட்கும் பொறுப்பைக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிறிய சேனல், ஆள் இல்லை என்ற காரணம் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

டைரி, காலண்டர், இனிப்பு டப்பா வாங்கிக்கொள்வேன். பணம் வைத்த கவர் வாங்குவதில்லை.

டிசம்பர் 21

தரங்கம்பாடியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். எழுத ஆசைதான். என் அம்மா பொறையாறு பக்கத்து லுத்தரன் குடும்பம். சிறு வயதில் எனக்குக் கிறிஸ்துமஸ் என்றாலே தரங்கம்பாடிதான். 1706இல் வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் அங்கே இருக்கிறது. அடுத்த ஆண்டே மறைந்த அவரை அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்வெட்டை எழுத்துக்கூட்டிப் படித்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் 2020 டிசம்பர் 28இல் மயிலாடுதுறை தனி மாவட்டமாகிவிட்டது. தரங்கம்பாடி, பூம்புகார், சீர்காழி எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. மாவட்ட எல்லை எதுவோ அதுதான் நிருபரின் எல்லை. அங்கே வேறொருவர் இருக்கும்போது நான் மைக்கை எடுத்துக்கொண்டு போவது அவர் சாப்பாட்டில் கை வைப்பதாகும். ஆகவே அம்மா பிறந்த ஊரின் கிறிஸ்துமஸை நான் எல்லோரையும் போலத் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறேன்.

டிசம்பர் 22

குடில் போட்டிக்கு நடுவராக வரச்சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. போகவில்லை. நடுவராகப் போனால் பரிசு கிடைக்காத தெருவுக்குள் ஓராண்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழைய முடியாது.

டிசம்பர் 25, அதிகாலை

வேளாங்கண்ணியிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை, ஆகவே எழுதிவிடுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலி பேராலயத்துக்குள் நடப்பதில்லை. அவ்வளவு கூட்டத்துக்கு உள்ளே இடம் போதாது. சேவியர் திடலில் மேடை அமைத்து, இரவு பதினொன்றரை வாக்கில் தொடங்கி, தமிழ், மலையாளம், ஆங்கிலம் எனப் பல மொழிகளில் வாசகங்களும் பாடல்களுமாகப் போகும். பன்னிரண்டு மணிக்குக் குழந்தை இயேசுவின் சொரூபத்தை உயர்த்திக் காட்டிவிட்டுக் குடிலில் வைப்பார்கள். அந்த நேரத்தில் மணி அடிக்கும், வாணம் வெடிக்கும், திடல் முழுவதும் கைபேசிகள் மேலே எழும். எங்களுக்கு வேண்டிய ஷாட் அந்தச் சில நொடிகள்தாம். அது தவறினால் மறுபடி கிடைக்காது. ஆகவே ஒன்பது மணிக்கே போய் டிரைபாடை ஊன்றி, முன்னால் நாற்காலி போடுகிற தொண்டர்களிடம் சொல்லிவைத்து, பக்கத்திலிருக்கும் கேரளத்துக் குடும்பத்திடம் அந்தச் சமயத்தில் எழுந்து நிற்க வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருப்போம். மார்கழிப் பனி லென்ஸில் படியும். துடைக்கும் துணி என் சட்டைப்பையிலேயே இருக்கும்.

பேராலயத்தினரே நேரலை தருகிறார்களே, நீங்கள் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுடைய கேமரா மேடையைப் பார்க்கும். நான் பார்க்கவேண்டியது மேடைக்கு எதிர்ப்புறம். இன்று கடைசி வரிசைக்கும் பின்னால், ஒலிபெருக்கிக் கம்பத்தின் அடியில், மெழுகுவர்த்தி விற்கிற பெண் ஒருத்தி கூடையின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு முழங்காலிட்டாள். சொரூபத்தை உயர்த்தியபோது கும்பிட்ட கையை இறக்காமலே, பக்கத்தில் தூங்கிய பிள்ளையைக் காலால் மெல்லத் தட்டி எழுப்பினாள். பிள்ளை எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. திருநற்கருணை வழங்கத் தொடங்கியதும் துணியை எடுத்துவிட்டு வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டாள். இந்தக் காட்சி என்னிடம் முழுதாக இருக்கிறது. சென்னைக்கு அனுப்பினேன். அவர்கள் எடுத்துக்கொண்டது வாணவேடிக்கையை.

காட்சியை எடுப்பதைவிட அனுப்புவது பெரும் பாடு. திடலில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் வீட்டுக்கு வீடியோ காலில் அழைக்கும்போது நெட்வொர்க் செத்துவிடும். ஒரு சிறிய கோப்பு ஏறுவதற்குள் உயிர் போய்விடும். தரத்தைக் குறைத்து, நீளத்தைக் குறைத்து, கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு பரவை வரை வந்து ஒரு டீக்கடை வாசலில் நின்று அனுப்பினேன். டெஸ்கில் இருந்தவர் "லேட் ஆயிடுச்சும்மா" என்றார். நியாயம்தான், மற்ற சேனல்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது குளித்துவிட்டுக் கீழ்வேளூர், தேவூர் வழியாக வெண்மணிக்குப் புறப்பட வேண்டும்.

டிசம்பர் 25, இரவு

"கிறிஸ்துமஸ் அன்று எதற்கு இந்தப் பழைய கதை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தத் தேதியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கூலியை அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அந்த மக்கள் செய்தவை. அடியாட்கள் வந்தபோது பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஓடி ஒளிந்த குடிசையைப் பூட்டித் தீ வைத்தார்கள். கிறிஸ்துமஸ் இரவில் நடந்தது, ஆகவே கிறிஸ்துமஸ் அன்றுதான் நினைவு நாள். தேவாலயத்துக்குப் போய்விட்டு அங்கே வருகிற குடும்பங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இரண்டுக்கும் இடையில் எந்த முரணும் தெரியவில்லை.

கொடியேற்றி, மலர் வைத்து, தலைவர்கள் பேசுவார்கள். எங்கள் கேமராக்கள் தலைவர்கள் பக்கமே திரும்பியிருக்கும், ஏனென்றால் அன்றைய அரசியல் கேள்விக்கு ஒரு பைட், அதாவது சிறு பேட்டித் துணுக்கு, கிடைத்தால் அது சென்னையில் ஓடும். எனக்கும் அந்தக் கேள்வியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள், கேட்டு வாங்கி அனுப்பிவிட்டேன். பிறகு மைக்கை எடுத்துக்கொண்டு பந்தலின் பின்பக்கம் போனேன். பஸ் பிடித்து வந்த விவசாயத் தொழிலாளிப் பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நடவுக்கு என்ன கூலி, வருடத்தில் எத்தனை நாள் வயலில் வேலை கிடைக்கிறது, அறுவடை இயந்திரம் வந்த பிறகு மாசி, பங்குனியில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். "அறுப்புக்கு எங்கள யாரு கூப்புடுறா, மிசினு வந்து ஒரு மணி நேரத்துல அறுத்துட்டுப் போயிடுது, நூறு நாள் வேலதான் கஞ்சி ஊத்துது" என்று ஒரு அம்மா சொன்னார். அவர் மாமியாரின் தங்கை அந்த 44 பேரில் ஒருவர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அந்த அம்மா தாமாகச் சொல்லவில்லை.

இன்று சென்னையில் இந்தச் செய்திக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமை நேற்றும் இன்றும் எல்லாத் திரையையும் பிடித்திருக்கிறது. அது பிடிக்க வேண்டியதுதான். அதில் எனக்குக் குறை இல்லை. உள்ளூர் சேனலில் அந்த அம்மாவின் பேச்சை வெட்டாமல் போட்டோம். தேவூர்ப் பக்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவருடைய ஊரார் பார்த்திருக்கிறார்கள்.

டிசம்பர் 26, மதியம்

மீனவ ஊர்களான அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் இன்று ஒரு படகும் இறங்கவில்லை. ஆண்டுதோறும் அப்படித்தான். கடலில் பால் ஊற்றினார்கள், பூப் போட்டார்கள். விரிவாக இரவில் எழுதுகிறேன்.

டிசம்பர் 26, இரவு

முதல் கேள்வியில் இருந்த "போன வருடக் காட்சியையே போட்டால் யாருக்குத் தெரியும்" என்ற வரிக்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு தொலைக்காட்சி டிசம்பர் 26 காலையில் பழைய காட்சியை "கோப்புக் காட்சி" என்று எழுதாமல் ஒளிபரப்பியது. அதில் ஒரு பாட்டி நினைவுத்தூணைக் கட்டிக்கொண்டு மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்தார். அவர் அதே ஆண்டு ஐப்பசியில் இறந்துபோனவர். அவருடைய மகள், அதாவது சுனாமியில் தன் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர், வீட்டில் படையலுக்கு இலை போட்டுக்கொண்டே தொலைக்காட்சியில் தன் தாயைப் பார்த்திருக்கிறார். எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெரு. நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். "எங்கம்மா எங்க இருந்துடி இன்னிக்கி அழுவுது" என்று என்னிடம் கேட்டார். நான் அந்தத் தொலைக்காட்சியில் வேலை செய்பவள் இல்லை. இருந்தாலும் அவருக்கு மைக் பிடிக்கிற எல்லோரும் ஒன்றுதான், அவர் கேட்டது என்னைத்தான்.

ஆகவே பார்க்கிறவர்களுக்குத் தெரியுமா என்றால், தெரியும். உள்ளூரில் ஒவ்வொரு முகத்துக்கும் அடையாளம் சொல்ல ஆள் இருக்கிறது.

2004இல் எனக்கு ஐந்து வயது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரயிலடிக்கு மேற்கே இருந்தோம். நாகை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். கிறிஸ்துமஸுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த யாத்திரிகர்களும் அதில் உண்டு. அவர்கள் யார், எந்த ஊர் என்று தெரியாமலேயே பலரைச் சேர்த்துப் புதைக்க வேண்டியிருந்தது. சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29க்கு. நாகைக்கு அலை வந்தபோது ஏறக்குறைய ஒன்பது மணி. இடையில் இருந்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஐதராபாத்தில் இருக்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை, பல வீடுகளில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்திருக்கும். யாராவது ஒருவருக்குத் தெரிந்து, உள்ளூர் கேபிளில் ஒரு வரி ஸ்க்ரோல் ஓடியிருந்தால் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் வருகிறது. காதணி விழா வாழ்த்துப் போடுகிற சேனல்தானே என்று இதை யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

டெஸ்கிலிருந்து இந்த ஆண்டும் "எமோஷனல் பைட்" கேட்டார்கள். அழுகிறவர் ஒருவர், முடிந்தால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய். நான் பேட்டி கேட்காமலே காட்சியை அனுப்பினேன். அஞ்சலி செலுத்துகிறவர்களைத் தூரத்திலிருந்து எடுப்பதற்கு எனக்குத் தயக்கம் இல்லை. அது பொது இடம், அவர்களே கேமராக்கள் வரும் என்று தெரிந்து வருகிறார்கள். மைக்கை வாய்க்கு நேராக நீட்டி "அந்த நாளை நினைக்கும்போது எப்படி இருக்கிறது" என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன். இருபது ஆண்டுகளாக ஒரே ஆளிடம் ஒரே கேள்வியைக் கேட்டாயிற்று.

அதற்குப் பதிலாக நேற்று மாலையும் இன்று பிற்பகலும் சுனாமிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தேன். அலைக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் அரசும் கட்டிக்கொடுத்த வீடுகள். கூரையின் காரை பெயர்ந்து கம்பி துருவேறி வெளியே தெரிகிறது. ஒரு வீட்டில் தொட்டில் கட்டியிருந்த கொக்கியைச் சுற்றி விரிசல் ஓடியதால் தொட்டிலை அவிழ்த்து வாசல் வேப்பமரத்தில் கட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்களாம். அடுத்த வீட்டுக்காரர், பட்டா இன்னும் கைக்கு வரவில்லை, அது இல்லாமல் வங்கியில் கடன் கேட்டு நாமே பழுது பார்க்கவும் வழியில்லை என்றார். குழந்தையின் தாய்க்கு என் வயதுதான் இருக்கும். அவரிடம் 2004ஐப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் இரண்டு மணி நேரம் பேசினார்.

இதை ஒரு முழுத் தொகுப்பாக வெட்டிச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறேன். இரவு ஒன்பது மணிச் செய்தியில் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள், பிறகு பத்துக்குத் தள்ளினார்கள். பார்ப்போம்.

டிசம்பர் 27

போடவில்லை. முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் நேற்றிரவு டெல்லி எய்ம்ஸில் காலமானார். பத்து மணிக்கு மேல் நாடு முழுவதும் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அதுதான். ஏழு நாள் துக்கம் அறிவித்திருக்கிறார்கள். இருபதாம் ஆண்டு நினைவுக்கென்று கடலோர மாவட்டங்களில் எடுத்து வைத்திருந்தவை அப்படியே நின்றுவிட்டன. 27ஆம் தேதி ஆகிவிட்டால் சுனாமிச் செய்தியை எந்த டெஸ்கும் தொடாது.

இதில் யாரையும் குறைசொல்ல முடியாது என்று காலையில் தோன்றியது. மதியத்துக்குமேல் யோசித்தபோது வேறு ஒன்று புலப்படுகிறது. வீட்டின் கூரை விழுவது டிசம்பர் 26க்காகக் காத்திருக்கிற செய்தி இல்லை. ஆகஸ்டில் எடுத்து அனுப்பியிருந்தாலும் அது செய்திதான். நாங்களும் ஊரும் அதிகாரிகளும் சேர்ந்து, கடலோர மக்களின் வீட்டுப் பிரச்சினையை நினைவு நாளோடு கட்டிப்போட்டு வைத்திருக்கிறோம். அந்த நாளில் பெரிய தலைவர் ஒருவர் மறைந்தால் அடுத்த டிசம்பர் வரை அந்த வீட்டுக்கு வாய் இல்லை. இந்தத் தொகுப்பில் "இருபதாண்டுகளுக்குப் பிறகு" என்று நான் எழுதியிருந்த முன்னுரையை எடுத்துவிட்டு, "மழைக்காலத்தில்" என்று மாற்றி மறுபடி அனுப்பப்போகிறேன்.

உள்ளூர் சேனலில் இன்று இரவு எட்டு மணிக்கு முழுதாகப் போகிறது.

டிசம்பர் 29

நள்ளிரவில் தனியாகப் போய் வருகிறீர்களே, வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா, பாதுகாப்பா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்த வாரம் அந்தக் கேள்வி எல்லோர் மனத்திலும் இருப்பது இயல்பு.

வேளாங்கண்ணித் திடலில் எனக்குப் பயமில்லை. காவல்துறையும் தொண்டர்களும் லட்சக்கணக்கான மக்களும் இருக்கும் இடம் அது. திரும்பி வரும் சாலைதான் கடினம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பரவை தாண்டியதும் விளக்கில்லாத துண்டுகள் உண்டு. குடித்துவிட்டு வண்டியில் பின்தொடர்கிறவர்கள் உண்டு. ஆகவே வேறு சேனல் கேமராமேன் அண்ணன்களின் வண்டியோடு சேர்ந்துதான் புறப்படுவேன். போட்டிச் சேனல் என்றாலும் அந்த ஒழுங்கு எங்களுக்குள் இருக்கிறது: யாருக்காவது கோப்பு ஏறவில்லை என்றால் மற்றவர்கள் டீக்கடையில் காத்திருப்போம். நிறுவனம் செய்து தரவேண்டிய ஏற்பாட்டை நாங்களே எங்களுக்குள் செய்துகொள்கிறோம். இதை நான் நட்பின் பெருமையாக எழுதவில்லை. இரவுப் பணிக்கு அனுப்புகிற நிறுவனம் வண்டியும் திரும்பிவர வழியும் தரவேண்டும். பகுதிநேரச் செய்தியாளர் என்பதால் அந்தப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது.

அப்பா தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். அம்மா முதல் ஆண்டு மட்டும், "நமக்கும்தானே பண்டிகை" என்று கேட்டார். இப்போதெல்லாம் கிறிஸ்துமஸ் பிரியாணியை 26 இரவில் வைக்கிறார்கள்.

நேற்று விஜயகாந்த் நினைவு நாள். ஊரூராய் அன்னதானம், அமைதிப் பேரணி. வயதான ரசிகர் ஒருவர் தன் ஆட்டோவில் படத்தை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் தன் காசில் சாப்பாடு போட்டார். அழகான சிறு செய்தி. சென்னையில் அதை எடுத்துக்கொண்டார்கள், பணமும் வரும்.

ஜனவரி 2, 2025

31 இரவு வேளாங்கண்ணி வேலை முடிந்தது. கிறிஸ்துமஸைவிடக் கூட்டம், அதே நெட்வொர்க் தொல்லை, அதே டீக்கடை.

இதழியல் படிக்கும் தம்பி ஒருவர், அடுத்த டிசம்பரில் நாகைக்குப் பயிற்சிக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறார். வாருங்கள். ஆனால் 23ஆம் தேதி வந்து 27ஆம் தேதி கிளம்புவதாக இருந்தால் வரவேண்டாம். அந்த நாட்களில் சென்னையிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். இங்கே ஆள் பற்றாக்குறை இருப்பது மற்ற நாட்களில்தான். அக்டோபரில் வாருங்கள், மழை தொடங்கும்போது. குடியிருப்புகளில் யார் வீடு ஒழுகுகிறது, எந்தப் படகு வரவில்லை, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எத்தனை மூட்டை நனைந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு டிசம்பரைப் பார்த்தால், எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது தானாகத் தெரியும். துணைக்கு இரண்டு பவர் பேங்க், லென்ஸ் துடைக்கப் பருத்தித் துணி, ரப்பர் செருப்பு கொண்டுவாருங்கள். ஷூ வேண்டாம்.

தொகுப்பு என்னவாயிற்று என்று கேட்டவர்களுக்கு: "மழைக்காலத்தில்" என்ற முன்னுரையோடு அனுப்பியதைச் சென்னை இன்னும் போடவில்லை. உள்ளூர் சேனலில் போனதைப் பார்த்துவிட்டு வருவாய்த் துறையிலிருந்து ஒருவர், எந்தத் தெரு, எத்தனை வீடு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் குடியிருப்புப் பெண்கள் பட்டா கேட்டு ஏற்கெனவே கொடுத்த மனுவின் ரசீதுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆறாம் தேதி திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். அவர்கள் ஒன்பது மணிக்கு வருகிறார்கள். நான் எட்டரைக்கே போய் வாசலில் டிரைபாடை வைத்துவிடுவேன்.